வடிகால்காரனின் நான்கு இரும்புகள்

மரண விசாரணை நடந்த அறையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினார். அதில் பாதி இல்லை. "சாட்சி கடும் அதிர்ச்சியில் இருந்தார்" என்று ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது.

அவர் விட்டுவிட்ட பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி. நேரங்களை நான் ஊகிக்கவில்லை. அன்று என் கைக்கடிகாரம் சரியாக ஓடியது. அடிக்கடி அதைப் பார்க்க எனக்குக் காரணமும் இருந்தது.

என் பெயர் கிளெண்டா. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள். இருட்டுக்குப் பயந்தவள் இல்லை. இது நடந்ததும் இருட்டில் இல்லை. பட்டப்பகலில்.

என் கணவன் டெஸ்மண்டுக்கு இரும்பென்றால் உயிர். இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் பக்கம் சனிக்கிழமைகளில் மண்ணுக்கடியில் உலோகம் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். எல்லோரும் தேடுவது வெள்ளி நாணயம், தங்கம், பழைய பொத்தான். இரும்பு யாருக்கும் வேண்டாம். கருவியிலேயே இரும்புச் சத்தத்தை அணைத்துவைத்துவிடுவார்கள். தப்பித் தவறி அகப்பட்டால் வயல் வாசலில் இருக்கும் பீப்பாயில் வீசிவிட்டுப் போவார்கள். டெஸ் அந்தப் பீப்பாயைக் கிளறுவான்.

"நாணயம் எவனோ தொலைச்சது. அவ்வளவுதான் அதோட கதை," என்பான். "கருவி அப்படியா? ஒருத்தன் கையிலயே நாப்பது வருஷம் கெடந்திருக்கும்."

எங்கள் டிடெக்டர் சங்கத்தில் அவனுக்குத் துருப்பிடித்த டெஸ் என்று பெயர். அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவனுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தான். மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: கையகலக் கரண்டியால் மண்ணைக் கிளறலாம், காலால் மிதித்து இறக்கும் மண்வெட்டி எதையும் தொடக்கூடாது. அன்றிலிருந்து வயலில் எனக்கு ஒரே வேலைதான். அவனை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது. நானும் ஒரு டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நடப்பேன். கண் மட்டும் அவன் முதுகில் இருக்கும்.

2016, நவம்பர் 5. விவசாயி ஆலன் கெரிட்ஜின் பள்ளத்து வயல். அதன் வடக்கு மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்கும். ஆலனின் அப்பா காலத்திலிருந்து அங்கே விதைத்ததில்லை. அதனால்தான் எங்களை உள்ளே விட்டார்.

"தோண்டுங்க. தோண்டினதை மூடிட்டுப் போங்க. என் மாடு கால் ஒடிச்சுதுன்னா உங்க காலை ஒடிப்பேன்," என்றார். சிரித்துக்கொண்டுதான்.

காலை 11:40. டெஸ்ஸின் கருவி உறுமியது.

உர்ர்ர்...

இரும்பின் சத்தம். அடிவயிற்றிலிருந்து வருவது போல இருக்கும். டெஸ் நின்று கருவியைத் திருப்பிப் பார்த்தான்.

"கிளெண்டா, நான் இரும்பை அணைச்சு வெச்சிருக்கேன்."

"நீயா? இரும்பை அணைச்சியா?"

"ஆலன் வெள்ளிக்காசு ஏதாவது கேட்டாரு. ஒரு நாளைக்கு அவருக்காகத் தேடலாம்னு..." கருவியை என்னிடம் நீட்டினான். "பாரு. அணைச்சுதான் இருக்கு."

அணைத்துத்தான் இருந்தது. மறுபடியும் அந்த இடத்தில் காட்டினான். உர்ர்ர்...

கணுக்கால் ஆழத்தில் கிடைத்தது. அகலமான மண்வெட்டித் தலை ஒன்று. மரக்காம்பு இல்லை. தேய்ந்து தேய்ந்து பிறை போல ஆகியிருந்தது. சாதாரணப் பொருள்தான். ஆனால் காம்பு செருகும் குழலுக்குள் ஒரு மரத்துண்டு சிக்கியிருந்தது. வெள்ளையாக. நேற்று வெட்டிய மரம் போல.

வீட்டில் டெஸ் அதைச் சலவை சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, கார் பேட்டரி சார்ஜரை மாட்டினான். ஒரு ராத்திரி முழுக்க நுரைத்தால் துரு கழன்றுவிடும். நூறு வருட இரும்பு என்றால் உள்ளே கறுப்பாக, பள்ளம் பள்ளமாக, அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. விளிம்பைத் தவிர.

விளிம்பு பளபளத்தது.

இரண்டாவது இரும்பு நவம்பர் 19-ஆம் தேதி அகப்பட்டது. முதல் குழியிலிருந்து சரியாக நான்கு எட்டு நடை தள்ளி. முழங்கால் ஆழம். ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம், நுனி இன்னும் குறுகல். அது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சங்கத்துக்கு எடுத்துப்போனோம். அங்கே ஒரு நீளமேசை உண்டு. அந்த மாதம் கிடைத்ததையெல்லாம் அதில் பரப்பிவைப்பார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

"ரொட்டி அடுப்புல விடுறது," என்றார் ஒருவர்.

"இவ்வளவு ஒல்லியாவா? யாருக்கு, எலிக்கா ரொட்டி சுட்டாங்க?"

"டெஸ், இது உன் மாமியார் ஷூ மாட்டுற கொம்புதானே?"

"மாமியாருக்குக் கால் அவ்வளவு நீளமில்ல. நாக்குதான்," என்றான் டெஸ். நான் அவன் விலாவில் ஒரு இடி விட்டேன். மேசையே சிரித்தது.

லயனல் தர்லோ சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எங்கள் சங்கத்தில் இரும்பைப் பார்த்து ஆளைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதை வாங்கி, கட்டை விரலால் விளிம்பை மெதுவாகத் தடவினார்.

"வடிகால் வெட்டுறவன் வெச்சிருந்தது," என்றார். "களிமண் வயல்ல தண்ணி வடிய, ஆழமா ஒரு பிளவு வெட்டுவாங்க. மேல அகலமா ஆரம்பிச்சு கீழ போகப் போகக் குறுகும். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு மண்வெட்டி. இது ரெண்டாவது. இன்னொண்ணு இருக்கும், இதைவிட ஒல்லியா. கடைசியா வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு அகப்பை. அடியில கெடக்குற சேறை இழுக்க. அடியில முள்ளுக் கெளை, வைக்கோல் எல்லாம் போட்டு மேல மண்ணைத் தள்ளி மிதிச்சிடுவாங்க. கெளைகளுக்கு நடுவுல தண்ணி ஓடும்."

"எவ்வளவு பழசு?"

"உங்க தாத்தாவோட அப்பா காலம்." விளிம்பைத் திருப்பினார். "இந்த மூலை மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. இடது கைக்காரன்." அதை மேசையில் வைத்தார். "ஒண்ணுதான் புரியல. வடிகால்காரனுக்குக் கருவி சொந்தம். தெனமும் வேலை முடிஞ்சதும் தோள்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிடுவான். வயல்ல விட்டுட்டுப் போகவே மாட்டான்."

"மறந்திருப்பான்," என்றான் டெஸ்.

"ஒண்ணை மறக்கலாம்," என்றார் லயனல்.

மூன்றாவது டிசம்பர் 3. நான்கு எட்டு தள்ளி. தொடை ஆழம். லயனல் சொன்ன அந்த ஒல்லி மண்வெட்டி. அன்று டெஸ் என் பேச்சைக் கேட்கவில்லை. சண்டை போட்டு நான் தோண்டினேன்.

நான்காவது டிசம்பர் 17. இன்னும் நான்கு எட்டு. என் இடுப்பளவு. அவ்வளவு ஆழத்தில் இருப்பது எந்த டிடெக்டருக்கும் கேட்காது. கையளவு இரும்பை அது ஒரு முழ ஆழத்தில் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். இது கேட்டது. பிற்பகல் 1:15. குளிரில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வளைந்த கழுத்தோடு அந்த அகப்பை மேலே வந்தது.

நான்கு குழியையும் திரும்பிப் பார்த்தேன். நேர்கோடு. நூல் பிடித்தது போல.

"போதும் டெஸ். முழு செட்டும் கிடைச்சாச்சு. இனிமே இந்த வயலுக்கு வர வேண்டாம்."

"சரி மேடம்," என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

அவன் செய்தது ஒரே ஒரு தவறு. அதை இரும்பு பொறுக்குகிறவன் மட்டும்தான் செய்வான்.

கருவிக்கு வெறும் தலையை வைத்துப் பெயர் வைக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. காம்பு போட்டு, கையில் பிடித்து, அது வேலை செய்த மண்ணிலேயே இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இன்னதென்று உறுதியாகும் என்பான். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான்கு குழல்களிலும் சிக்கியிருந்த வெள்ளை மரத்துண்டுகளைத் தட்டி எடுத்தான். அடுப்பில் போட்டான். ஆஷ் மரத்தைச் செதுக்கி நான்குக்கும் புதிய காம்பு போட்டான்.

புதிய வருடம் பிறந்த முதல் வாரம் அவற்றை வயலுக்கு எடுத்துப் போனான். ஐந்து நிமிடம், சும்மா சோதனைக்கு என்றான். நானும் போனேன். தண்ணீர் தேங்கிய அந்த மூலையில் முதல் மண்வெட்டியை வைத்தான்.

அது வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

"பாத்தியா? நான் மிதிக்கவே இல்லை," என்றான். உண்மைதான். மிதிக்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகியது. அவன் மூச்சு வாங்கவில்லை. வியர்க்கவில்லை. அவன் குனியக்கூடாது என்று கருவிகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அகலத்திலிருந்து ஒல்லி வரை, வரிசையாக. முடித்ததைப் பின்னால் தள்ளுவான், அடுத்ததற்குக் கையைப் பின்னால் நீட்டுவான். பேசிக்கொண்டே வேலை செய்வான். அவனால் வாயை மூடிக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அந்த மூலையிலிருந்த தண்ணீர் குறைந்திருந்தது. அவன் முகமும் கன்னம் ஒட்டி வற்றியிருந்தது.

2017, ஜனவரி 14. சனிக்கிழமை.

காலை 9:10. டெஸ் காலணி மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குப் போகாதே," என்றேன்.

"கொஞ்சம்தான் பாக்கி இருக்கு."

"எதுக்குப் பாக்கி? யாருக்கு வேலை செய்யுற நீ? ஆலன் கேட்டாரா?"

காலணிக் கயிற்றைப் பிடித்தபடி யாருக்கென்று அவனே யோசித்தான். உடனே கோபம் வந்துவிட்டது.

"வீட்டுல உக்காந்து சாகச் சொல்றியா?"

"அங்க போய் செத்தா மட்டும் என்ன? போனா போ. உன்னைச் சுமந்துட்டு வர நான் வரமாட்டேன்."

"யாரு உன்னைச் சுமக்கச் சொன்னா, நூலகரம்மா?"

கதவு அறைந்தது. 9:20.

முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். யார் முதலில் பேசுவது என்பதுதான் எப்போதும் பந்தயம். பெரும்பாலும் அவன்தான் தோற்பான்.

மதியம் வரை நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். பிறகு தாங்கவில்லை. தேநீரைக் குடுவையில் ஊற்றி, சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கையில் கொடுத்துவிடலாம், பேசத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2:50-க்கு வயல் வாசல். எங்கள் கார் அங்கே நின்றது.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. வேலியோர முட்செடியில் யாரோ புதிதாகக் கிளை வெட்டியிருந்தார்கள். வெட்டு வாய் ஈரமாக இருந்தது.

வடக்கு மூலையில் தண்ணீர் இல்லை.

ஒரு சொட்டுகூட இல்லை. இத்தனை வருடத்தில் அந்தத் தரையை அன்றுதான் பார்த்தேன்.

தோண்டிய பள்ளத்தைப் பின்பக்கம் மூடிக்கொண்டே போயிருந்தான். மண்ணைத் தள்ளி, மிதித்து, மட்டமாக்கி வைத்திருந்தது. நல்லது, இதையாவது ஒழுங்காகச் செய்கிறானே என்று நினைத்தேன். மூடிய பகுதி முடிகிற இடத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் திறந்த பள்ளம் நீண்டு போயிற்று.

ஏழெட்டடி தள்ளி அவன் முதுகு தெரிந்தது.

குனிந்திருந்தான். இடுப்புக்கு மேலே மட்டும் வெளியே. தலையிலிருந்து முதுகு வரை களிமண் அப்பியிருந்தது. கோட்டு எது, மண் எது என்று தெரியவில்லை.

சளக்... சளக்... சளக்...

கடிகாரத்தைப் பார்த்தேன். 2:56. மூன்று மணிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது எங்கள் பழைய ஒப்பந்தம். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நான் பேசவில்லை. அவனும் திரும்பவில்லை. நான் வந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் சத்தம் நின்றது.

பின்னால் ஒரு கை நீண்டது.

உள்ளங்கை மேலே பார்த்தபடி. இடது கை.

கருவிகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. நான் குடுவையைத் தரையில் வைத்துவிட்டு, ஓரமாக எட்டி நடந்து, இரண்டாவது மண்வெட்டியைக் காம்புப் பக்கமாக அந்தக் கையில் வைத்தேன். அது பிடித்துக்கொண்டது. நன்றி இல்லை, கேலி இல்லை.

அப்போதுதான் பார்த்தேன்.

விரலில் மோதிரம் இல்லை.

எங்கள் திருமண மோதிரத்தை டெஸ் கழற்றியதே கிடையாது. மருத்துவமனையில்கூட அதன் மேல் ஒட்டு நாடா ஒட்டித்தான் விட்டார்கள். இன்றைக்குக் கழற்றியிருக்கிறான். காலையில் நான் சொன்னதற்காக.

அழக்கூடாது என்று பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றேன். மூடிய மண்ணின் மேல். இன்றைக்கு நான் தோற்கப்போவதில்லை. அவனே பேசட்டும்.

சளக்... சளக்...

3:04. கை நீண்டது. மூன்றாவதைக் கொடுத்தேன். திரும்ப வந்து நின்றேன்.

3:11. கை நீண்டது. அகப்பையைக் கொடுத்தேன். திரும்ப வந்து நின்றேன்.

காலுக்குக் கீழே மண் ஒருமுறை லேசாக அசைந்தது போல இருந்தது. களிமண் புதிது, இறங்குகிறது என்று நினைத்தேன். இன்னும் அழுத்தமாகக் காலை ஊன்றி மிதித்தேன்.

3:19. முதல் மண்வெட்டி.

3:26. இரண்டாவது.

அவன் ஒருமுறைகூட இருமவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை. மூச்சுச் சத்தமே இல்லை. என் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் பக்கம் ஆவி வரவில்லை.

குளிர் என்று நினைத்தேன். கோபம் என்று நினைத்தேன். என்னென்னவோ நினைத்தேன்.

3:33. மூன்றாவது.

அப்புறம்தான் லயனல் சொன்னது ஞாபகம் வந்தது. டெஸ் எதையும் வலது கையால்தான் வாங்குவான். போன வாரம் முழுக்க வலது கையைத்தான் பின்னால் நீட்டினான்.

3:41.

கை நீண்டது.

நான் நகரவில்லை.

கை அப்படியே இருந்தது. விரல்கள் மெதுவாக ஒருமுறை மடங்கி விரிந்தன. கொடு... கொடு...

"டெஸ்," என்றேன்.

முதுகு அசையவில்லை.

"போதும் டெஸ். நான்தான் தோத்தேன். வா, வீட்டுக்குப் போகலாம்."

கை உள்ளே போயிற்று.

முதுகு தாழ்ந்தது. குனியவில்லை. தாழ்ந்தது.

நேராகக் கீழே.

தோள்... தலை...

சத்தமே இல்லை.

ஓடிப்போய் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தேன்.

பள்ளம் மேலே ஒரு அடி அகலம். கீழே இரண்டு விரல்.

அதற்குள் ஒரு ஆள் நிற்க முடியாது.

அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆலன் வீட்டை எப்படி அடைந்தேன் என்று நினைவில்லை. அவர் வந்து பார்த்தபோது மணி 4:05. பள்ளத்தில் யாரும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் 4:50-க்கு வந்தார்கள். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நான் காட்டினேன். ஏழெட்டடி தள்ளி, அவன் முதுகு தெரிந்த இடத்தை. சரிந்து புதைந்திருப்பான் என்று அங்கே தோண்டினார்கள். ஒன்றரை மணி நேரம். விளக்கு கட்டித் தோண்டினார்கள். வெறும் களிமண்.

யாரோ லயனலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தன் டிடெக்டரோடு வந்தார். யாரையும் கேட்கவில்லை. பள்ளத்தின் ஓரமாகக் கருவியை ஆட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். சத்தமில்லை. திரும்பினார். மூடிய பகுதியின் மேல் வந்தார்.

டிங்...

இரும்பு இல்லை. சுத்தமான, மெல்லிய சத்தம். எங்கள் சங்கத்தில் எல்லோரும் வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருக்கும் சத்தம்.

லயனல் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அங்கே என் காலணித் தடங்கள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, ஆழமாக.

"கிளெண்டாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

டெஸ்ஸைப் பக்கவாட்டில் படுக்கவைத்திருந்தது. அவன் மேல் முட்கிளைகள். அதன் மேல் வைக்கோல். அதன் மேல் மண். வடிகாலை எப்படி மூட வேண்டுமோ அப்படி. மோதிரம் விரலில் இருந்தது. நான்கு இரும்புகளையும் தேடினார்கள். எட்டுப் பேர் நான்கு டிடெக்டரோடு மறுநாளும் தேடினார்கள். எதுவும் உறுமவில்லை. கரையில் நான் எடுத்துக் கொடுத்த இடத்தில், பனி படாத நான்கு கோடுகள் மட்டும் புல்லில் இருந்தன.

ஆலன் பழைய கணக்குகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். அந்த மூலையில் வடிகால் வெட்டியதாக எங்கும் இல்லை. அதன் பிறகு அங்கே தண்ணீர் நிற்பதும் இல்லை. இருந்தும் அவர் விதைப்பதில்லை.

உடலைப் பார்த்த மருத்துவர் நல்லவர். மரணம் அநேகமாக நண்பகலில் நேர்ந்திருக்கும் என்றார். மாரடைப்பு. சட்டென்று முடிந்திருக்கும் என்றார். அப்புறம் மற்றதை யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நண்பகல் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நண்பகலில் நான் சமையலறையில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். அது கெட்டதுதான். ஆனாலும் மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடிந்தது.

நான்காவது வாரம் இதயப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். மாரடைப்புக்குப் பிறகு அவன் மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பை நேரத்தோடு பதிந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துப் படித்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு இளம்பெண் காகிதத்தை என் முன்னால் விரித்துவைக்கத் தயங்கினாள். நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

நண்பகல் இல்லை. கிளைகளுக்கு நடுவில் காற்று இருந்திருக்கிறது.

பிற்பகல் 2:10 முதல் துடிப்பு மிகவும் மெதுவாக, மங்கலாக இருந்தது. 2:56-க்குத் திடீரென்று எழும்பியிருந்தது. காத்திருந்தவருக்குக் காலடிச் சத்தம் கேட்டால் எழும்புமே, அப்படி. 3:11-க்கு அப்புறம் ஒருமுறை, மிகவும் வேகமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 3:34-க்கு நேர்கோடு.

முப்பத்தெட்டு நிமிடம் அவன் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.